ரேஸ் கொடுத்தால் ஸ்பீக்கரில் ஊளைச் சத்தம்: எங்கிருந்து நுழைகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

செவிக்கூர்மை:
வணக்கம். வண்டியில் வெளியே வாங்கிப் போட்ட ஹெட் யூனிட் (டாஷ்போர்டு ஸ்டீரியோ), டிக்கியில் நான்கு சேனல் ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபையர் (சேனலுக்கு 50 வாட், 4 ஓம்). பவர் ஒயர் 8 கேஜ், இரண்டையும் இணைக்கும் ஆர்சிஏ ஆடியோ கேபிள் 5 மீட்டர். இன்ஜின் ஆஃபில் இருக்கும்போது சுத்தமாக ஒரு சத்தமும் இல்லை. ஸ்டார்ட் செய்ததும் நான்கு ஸ்பீக்கரிலும் மெல்லிய ‘உய்ய்ங்’. ரேஸ் கொடுத்தால் கூடவே ஏறுகிறது, காலை எடுத்தால் இறங்குகிறது. வால்யூமை பூஜ்யத்தில் வைத்தாலும் அதே அளவுதான்.

முன் ஜோடி, பின் ஜோடி இரண்டுக்கும் ஆர்சிஏ லைனில் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் (சிக்னலை மட்டும் கடத்தி, இரு பக்க எர்த்தையும் பிரிக்கும் சிறு பெட்டி) போட்டுப் பார்த்தேன். ஊளை ஏறக்குறைய போய்விட்டது. ஆனால் பேஸ் செத்துவிட்டது, பாடகர் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் ஒலிக்கிறது. அடுத்து பவர் லைனில் நாய்ஸ் ஃபில்டர் போடுவதா, 1 ஃபாரட் கெபாசிட்டர் போடுவதா?

செப்புக்கம்பி:
ரெண்டையும் இப்போதைக்கு வாங்காதீங்க. ஐசோலேட்டரையும் கழற்றி ஓரமா வைங்க. சத்தம் எந்த இடத்தில் உள்ளே வருதுன்னு தெரியாம ஃபில்டர் போடுறது, எந்தக் குழாய் ஒழுகுதுன்னு பார்க்காம வீடு முழுக்க வாளி வைக்கிற மாதிரி.

நீங்க எழுதினதிலேயே பாதி விடை இருக்கு. இன்ஜின் வேகத்தோட ஏறி இறங்குது, அப்போ பேட்டரியைச் சார்ஜ் பண்ற ஜெனரேட்டரான ஆல்டர்னேட்டர்தான் மூலம். வால்யூமைக் குறைச்சாலும் மாறல, அப்போ வால்யூம் கண்ட்ரோலுக்குப் பிறகுதான் நுழையுது. டியூனர், புளூடூத், யுஎஸ்பி எல்லாத்தையும் இப்பவே சந்தேகப் பட்டியல்லேருந்து எடுத்துடலாம். மிச்சம் இருக்கிறது ஹெட் யூனிட்டோட ஆர்சிஏ வெளியீடு, கேபிள், ஆம்ப், அதோட எர்த் (வண்டி பாடி வழியா பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புற இணைப்பு).

இதைப் பிரிக்க ஒரு மியூட்டிங் பிளக் போதும். கடையில் தேட வேண்டாம். பழைய ஆர்சிஏ பிளக் நாலு எடுத்து, ஒவ்வொண்ணுலயும் நடு பின்னையும் வெளி வளையத்தையும் சின்ன ஒயர்த் துண்டால சேர்த்து சால்டர் பண்ணுங்க. இதை ஆம்ப் இன்புட்டில் செருகினா ஆம்புக்குக் கிடைக்கிற சிக்னல் பூஜ்யம். ஹெட் யூனிட்டோட வெளியீட்டுத் துளையில் மட்டும் தப்பித்தவறிக்கூட செருகிடாதீங்க, அது அவுட்புட்டை ஷார்ட் பண்ணிடும்.

முதல் சோதனை: சிஸ்டத்தை ஆஃப் பண்ணிட்டு ஆம்பிலிருந்து நாலு ஆர்சிஏவையும் உருவுங்க. மியூட்டிங் பிளக்கைப் போடுங்க. இன்ஜினை ஓடவிட்டு ரேஸ் கொடுங்க. ஊளை அப்படியே இருந்தா தப்பு ஆம்பிலோ, அதோட பவரிலோ, ஸ்பீக்கர் ஒயரிலோ. ஊளை போயிட்டா ஆம்ப் நிரபராதி, மேலே போகலாம்.

இரண்டாவது: ஆர்சிஏ கேபிளைத் திரும்ப ஆம்பில் செருகுங்க. ஹெட் யூனிட் பக்கத்து முனையை மட்டும் கழற்றி அந்த முனையில் மியூட்டிங் பிளக். கேபிள் முனையும் ஆண் பிளக்கா இருக்கிறதால நடுவில் ரெண்டு பக்கமும் துளை உள்ள ஜாயின்டர் வேணும். அந்த முனை டாஷ்போர்டுக்குள்ள எந்த உலோகத்தையும் தொடாம இன்சுலேஷன் டேப் சுத்திடுங்க, இல்லேன்னா சோதனையே பொய் சொல்லும். இப்போ ஊளை வந்தா கேபிள் போன பாதை சரியில்ல. வரலேன்னா மூணாவது.

மூணாவது: சார்ஜரில் போடாத ஃபோனை 3.5 எம்எம்–ஆர்சிஏ ஒயர் வழியா அதே கேபிளுக்குக் கொடுத்துப் பாட்டுப் போடுங்க. ஃபோன் வண்டியோட எந்த மின் தொடர்பும் இல்லாத பேட்டரி பெட்டி. இதில் சுத்தமா கேட்டா, ஹெட் யூனிட்டுக்கும் ஆம்புக்கும் நடுவில்தான் சண்டை.

ஒவ்வொரு தடவையும் கழற்றும்போதும் மாட்டும்போதும் பவர் ஆஃப். இது ஏன் முக்கியம்னு பின்னாடி சொல்றேன்.

ஓம்விதி:
செப்புக்கம்பி சொன்ன வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். அந்தச் சத்தம் என்ன என்பதை மட்டும் இங்கே விளக்கிவிடுகிறேன், காதால் கேட்டே பலவற்றைப் பிரிக்கலாம்.

ஆல்டர்னேட்டர் உண்டாக்குவது மூன்று ஃபேஸ் ஏசி. உள்ளே ஆறு டயோடுகள் அதை டிசியாக்குகின்றன. அந்த டிசி நேர்கோடாக இருக்காது, மேலே சிறு அலைகள் ஓடும். ரோட்டரில் பொதுவாக 12 துருவங்கள், அதாவது 6 ஜோடி. ஒரு சுற்றுக்கு 6 × 6 = 36 அலைகள். பெல்ட் புல்லி விகிதம் 2.5 என்று வைத்துக்கொண்டால், ஐடிலிங்கில் இன்ஜின் 800 ஆர்பிஎம் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 2000 ஆர்பிஎம் சுற்றும். விநாடிக்கு 33.3 சுற்று, அலை 1200 ஹெர்ட்ஸ். இன்ஜின் 3000 ஆர்பிஎம் போனால் 4500 ஹெர்ட்ஸ். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வட்டாரத்துக்குள் இது ரேஸ் கொடுத்ததும் ஏறி வந்துவிடுகிறது. அளவில் சிறிய சத்தம் இவ்வளவு எரிச்சல் தருவது அதனால்தான்.

‘டிக் டிக்’ என்று படபடத்து, ரேஸ் கொடுத்தால் நெருக்கமாகிற சத்தம் இக்னிஷனுடையது. நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு ஸ்பார்க், 3000 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 100. ரேஸ் கொடுத்தாலும் சுருதி மாறாமல் ஒரே ‘ம்ம்ங்’ என்றால் ஃபியூயல் பம்ப்பைப் பாருங்கள். பல வண்டிகளில் சாவியை ஆன் போட்டு ஸ்டார்ட் செய்யாமல் நிறுத்தினால் பம்ப் இரண்டு மூன்று விநாடி ஓடி நிற்கும். சத்தமும் கூடவே வந்து நின்றால் ஐயமே இல்லை. பாட்டு இல்லாதபோது மாறாத ‘ஸ்ஸ்ஸ்’ கேட்டால் அது ஆம்பின் கெயின் (பெருக்கும் அளவு) கூடுதல், இன்ஜினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பழையஸ்டீரியோ:
ஒரு விஷயத்தை முதலிலேயே கழித்துவிடுங்கள்: ஆல்டர்னேட்டர் டயோடு. மல்டிமீட்டரை டிசியில் வைத்து இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் அளந்தால் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வர வேண்டும். பிறகு ஹெட்லைட், ப்ளோயர் எல்லாம் போட்டுவிட்டு, மீட்டரை ஏசி ரேஞ்சுக்கு மாற்றி அதே இடத்தில் அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல ஆல்டர்னேட்டர். அரை வோல்ட்டைத் தொட்டால் டயோடு போயிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். அப்படி ஒரு டயோடு செத்தால் ஊளையில் கரகரப்பான தாழ்ந்த சுருதி ஒன்றும் சேர்ந்து கேட்கும். அந்த நிலையில் எத்தனை எர்த் போட்டாலும் பயனில்லை, ஆல்டர்னேட்டரைத்தான் பார்க்க வேண்டும்.

மலிவான சில மீட்டர்கள் ஏசி ரேஞ்சில் டிசியையும் சேர்த்துப் பொய் எண் காட்டும். இன்ஜின் ஆஃபில் ஒரு முறை ஏசி அளந்து பாருங்கள். பூஜ்யத்துக்கு அருகில் காட்டாமல் 20, 25 வோல்ட் என்று காட்டினால் சிவப்பு ஒயருக்கு வரிசையில் 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர் ஒன்றைச் சேர்த்து அளக்க வேண்டும்.

இன்னொன்று: ஆல்டர்னேட்டர்தானா என்று பார்க்க இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றும் பழைய வழக்கத்தை யாரும் செய்யாதீர்கள். சுமை திடீரென்று விலகும்போது லைன் வோல்டேஜ் 100 வோல்ட் வரைகூட எகிறும். ஹெட் யூனிட் மட்டுமல்ல, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூவும் போய்விடும்.

செவிக்கூர்மை:
எல்லாம் செய்துவிட்டேன்.

பேட்டரியில் டிசி 14.2. ஏசி 28 மில்லிவோல்ட், இன்ஜின் ஆஃபில் 0. முதல் சோதனை: சத்தமே இல்லை. இரண்டாவது: சத்தம் இல்லை. மூன்றாவது: ஃபோனிலிருந்து பாட்டு சுத்தமாக வந்தது, ரேஸ் கொடுத்தும் ஊளை இல்லை. ஹெட் யூனிட்டில் ஆர்சிஏவைத் திரும்பச் செருகியதும் ஊளை உடனே வந்துவிட்டது.

செப்புக்கம்பி:
அருமை. ஆம்ப் சரி, கேபிள் பாதை சரி, ஆல்டர்னேட்டர் சரி. இனி ரெண்டே ரெண்டு அளவு எடுங்க.

ஒண்ணு, ஆம்ப் எர்த்தில் எவ்வளவு வோல்டேஜ் விழுதுங்கிறது. சாதாரண 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் நீளமா ஒண்ணு எடுத்து பேட்டரி நெகட்டிவிலிருந்து டிக்கி வரை இழுங்க. இதில் கரண்ட் ஓடப்போறதில்ல, மெல்லிய ஒயர் போதும். மீட்டர் டிசி 2 வோல்ட் ரேஞ்ச். ஒரு முனை அந்த ஒயரில், இன்னொண்ணு ஆம்போட எர்த் டெர்மினல் திருகிலேயே. இன்ஜின் ஓடணும், பேஸ் உள்ள பாட்டு சத்தமா ஓடணும். 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருந்தா நல்லது. 0.2ஐத் தாண்டினா எர்த் மோசம்.

எர்த்தை ஓம் ரேஞ்சில் அளந்துட்டு ‘0.3 ஓம்தான் காட்டுது, சூப்பர்’னு நிறைய பேர் எழுதுறாங்க. அந்த 0.3 மீட்டர் ஒயரோட சொந்த ரெசிஸ்டன்ஸ். உங்க ஆம்ப் முழு வேகத்தில் 24 ஆம்பியர் கிட்ட இழுக்கும். எர்த்தில் வெறும் 0.02 ஓம் இருந்தாலே அரை வோல்ட் போச்சு. அந்த 0.02ஐ சாதாரண மல்டிமீட்டர் காட்டவே காட்டாது. அதனால கரண்ட் ஓடவிட்டு வோல்டேஜை அளக்கிறதுதான் உண்மை.

ரெண்டாவது, சிஸ்டத்தை ஆஃப் பண்ணி எல்லா ஆர்சிஏவையும் கழற்றிட்டு, ஹெட் யூனிட்டோட ஆர்சிஏ வெளி வளையத்துக்கும் அதோட உலோகப் பெட்டிக்கும் நடுவில் ஓம் அளங்க. 1 ஓமுக்குள் வரணும்.

டிக்கிபாஸ்:
எர்த் எங்க போட்டிருக்கீங்கன்னும் சொல்லுங்க. சீட் பிராக்கெட்லயா, சீட் பெல்ட் போல்ட்லயா, டிக்கி தகட்லயா? டிக்கில நீட்டிக்கிட்டு இருக்கிற பல பிராக்கெட்டுகள் பெயிண்ட் அடிச்ச பிறகு போல்ட்ல உட்கார வெச்சவை. பார்க்க பாடி மாதிரி இருக்கும், நடுவுல பெயிண்ட் படலம். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவே கூடாது. அந்த முறுக்கு விசை உயிர் காக்கிறதுக்காகக் கணக்குப் போட்டு வெச்சது, நடுவுல லக் (ஒயர் நுனியில மாட்டுற துளை உள்ள உலோக முனை) செருகினா அது கெட்டுடும்.

செவிக்கூர்மை:
எர்த் பின் சீட்டின் பூட்டு பிராக்கெட்டில், சுமார் 80 சென்டிமீட்டர் ஒயர். பாட்டு ஓடும்போது 0.34 வோல்ட் காட்டுகிறது, பேஸ் அடிக்கும்போது துள்ளுகிறது.

இரண்டாவது அளவுதான் குழப்பமாக இருக்கிறது. ஆர்சிஏ வளையத்துக்கும் பெட்டிக்கும் நடுவே மீட்டர் எதுவுமே காட்டவில்லை, திறந்த சர்க்யூட்போல் இருக்கிறது. ஹெட் யூனிட்டின் கறுப்பு ஒயரோடு அளந்தாலும் அப்படித்தான்.

ஓம்விதி:
அதுதான் விடை. உங்கள் முதல் பதிவில் ‘குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல்’ என்று எழுதியிருந்தீர்கள், அதைப் படித்தபோதே இந்தச் சந்தேகம் எழுந்தது.

ஹெட் யூனிட்டுக்குள் ஆர்சிஏ வளையம் ஒரு மெல்லிய ஃபியூஸ் வழியாகவோ, நூல்போன்ற செப்புத் தடம் வழியாகவோ உள் எர்த்துடன் இணைந்திருக்கும். அது சிக்னலுக்கான பாதை, மில்லிஆம்பியர் கணக்கில்தான் தாங்கும். டிக்கியில் எர்த் மோசமானால் ஆம்பின் கரண்டில் ஒரு பங்கு வேறு வழி தேடும். ஆர்சிஏவின் ஷீல்டு வழியாக முன்னால் ஓடி, ஹெட் யூனிட்டின் எர்த்துக்குள் இறங்கும். ஒரு நாள் அந்தத் தடம் எரிந்து அறுந்துவிடும்.

அறுந்த பிறகு என்ன ஆகிறது? நடு பின்னில் வரும் சிக்னலுக்குப் பக்கத்திலேயே திரும்பும் பாதை இல்லை. ஹெட் யூனிட் எர்த்தை ஒரு மட்டமாக வைத்துச் சிக்னல் அனுப்புகிறது, ஆம்ப் தன் எர்த்தை மட்டமாக வைத்துப் படிக்கிறது. இரண்டுக்கும் நடுவே பாடியில் என்ன வோல்டேஜ் ஏறி இறங்குகிறதோ, அத்தனையும் பாட்டோடு சேர்ந்து பெருக்கப்படும். உங்கள் ஹெட் யூனிட் 2 வோல்ட் தருகிறது என்றால், எர்த் வித்தியாசம் 20 மில்லிவோல்ட் இருந்தாலே நூறில் ஒரு பங்கு, −40 டெசிபல். பாட்டின் மெல்லிய இடங்களில் சிக்னலே அந்த அளவுதான் இருக்கும்.

இனி குரல் விஷயம். ஐசோலேட்டருக்குள் இருப்பது 1:1 டிரான்ஸ்ஃபார்மர். அதன் முதன்மைச் சுருளின் ஒரு முனை நடு பின்னில், மறு முனை வளையத்தில். வளையம் எங்கும் இணையாமல் மிதக்கும்போது இடது, வலது சுருள்கள் இரண்டும் ஒன்றோடொன்று முதுகு சேர்த்தாற்போல் ஆகிவிடும். இடதுக்கும் வலதுக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே கடந்து போகும், இரண்டிலும் ஒரே அளவில் இருப்பது ரத்தாகும். ஒலிப்பதிவில் பாடகர் குரலையும் பேஸையும் நடுவில்தான் வைப்பார்கள். இரண்டும் காணாமல் போனதற்குக் காரணம் இதுதான், ஐசோலேட்டரின் தரம் மட்டும் அல்ல.

செப்புக்கம்பி:
நான் ‘பவர் ஆஃப் பண்ணிட்டுத்தான் கழற்றணும்’னு சொன்னது இதுக்காகத்தான். ஆம்ப் ஆனில் இருக்கும்போது அதோட எர்த் ஒயர் மட்டும் லூஸானா, மொத்த கரண்டும் ஆர்சிஏ ஷீல்டு வழியா ஓடப் பார்க்கும். அந்தத் தடம் கண்ணிமைக்கும் நேரத்தில் போயிடும். ஆம்பைக் கழற்றும்போது வரிசை: பேட்டரி பக்கத்து ஃபியூஸ், பிறகு ஆர்சிஏ, பிறகு பாசிட்டிவ், கடைசியாத்தான் எர்த். மாட்டும்போது எர்த் முதல், ஆர்சிஏவுக்கு அப்புறம்தான் ஃபியூஸ்.

இப்போ உறுதி பண்ணிக்கோங்க. ஆர்சிஏ எல்லாம் மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, ஊளை கேட்கும்போது ஒரு சின்ன ஒயரோட ஒரு முனையை ஆர்சிஏ பிளக்கோட வெளி வளையத்திலும், மறு முனையை ஹெட் யூனிட் பெட்டியிலும் தொட வைங்க. வால்யூம் குறைவா இருக்கட்டும். ஆனா அதுக்கு முன்னாடி டிக்கி எர்த்தைச் சரி பண்ணியாகணும். இல்லேன்னா தடத்தை எரிச்ச அதே கரண்ட் உங்க ஒயரில் ஓடும்.

டிக்கிபாஸ்:
எர்த் வேலை நான் சொல்றேன். முதல்ல பேட்டரி நெகட்டிவைக் கழற்றிடுங்க.

ஆம்ப்லேருந்து 45 சென்டிமீட்டருக்குள்ள, வண்டியோட தரைத்தகடு இல்லேன்னா சட்டத்தோட நேரடியா வெல்டு ஆன தடிமனான இடம் பாருங்க. தொழிற்சாலையிலேயே வெச்ச எர்த் போல்ட் பக்கத்துல இருந்தா அதான் முதல் தேர்வு. புதுசா துளை போடுறதுன்னா கீழே குனிஞ்சு பார்த்துட்டுப் போடுங்க. பெட்ரோல் டேங்க், பிரேக் பைப், ஒயரிங் எல்லாம் அந்தப் பக்கம்தான் ஓடும்.

லக் அகலத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டமா உப்புத்தாள் போட்டுத் தேயுங்க. பெயிண்ட் போனா மட்டும் போதாது, அதுக்குக் கீழே சாம்பல் நிறத்துல ப்ரைமர் இருக்கும். அது மங்கலா இருக்கும், இரும்பு வெள்ளி மாதிரி பளிச்சுனு இருக்கும். அந்தப் பளிச்சு தெரியற வரைக்கும் தேய்க்கணும்.

ஒயர் பாசிட்டிவ் ஒயருக்குச் சமமான கனம், குறைஞ்சு இருக்கக் கூடாது. லக்கை கிரிம்ப் டூல்ல அழுத்துங்க, பிளையர்ல நசுக்கினா நாளாக நாளாக லூஸாகும். எம்8 போல்ட், லக் நேரா இரும்பு மேல உட்காரணும். நடுவுல வாஷர் வேண்டாம், பல் வாஷர் லக்குக்கு மேல போல்ட் தலைப் பக்கம். முறுக்கின பிறகு மேலே பெயிண்ட்டோ வாசலினோ தடவி மூடிடுங்க. தேய்ச்ச இரும்பை அப்படியே விட்டா துரு பிடிச்சு பழைய கதைதான். ஒரு இடத்துல ஆம்ப் எர்த் மட்டும், லைட் எர்த்தை அதுல சேர்க்காதீங்க.

உங்க 8 கேஜ் ஒயர் செப்பா, செப்பு முலாம் பூசின அலுமினியமான்னும் பாருங்க. நுனியைக் கத்தியால சுரண்டினா உள்ளே வெள்ளையா தெரிஞ்சா அலுமினியம். அதுக்குக் கடத்தும் திறன் செப்புல மூணுல ரெண்டு பங்குகூட முழுசா இருக்காது.

மின்தறி:
இடையில் ஒரு கேள்வி. பாடியை நம்பாமல் ஆம்ப் எர்த்தையும் பேட்டரி நெகட்டிவுக்கே நேரடியாக இழுத்துவிட்டால் தொல்லையே இல்லையே?

ஓம்விதி:
பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் வேறு மாதிரி. 8 கேஜ் செப்பு 8.4 சதுர மில்லிமீட்டர். 5 மீட்டருக்கு ஏறக்குறைய 0.01 ஓம். 24 ஆம்பியரில் கால் வோல்ட் விழும். எஃகு பாடி உள்ள வண்டியில் தரைத்தகடு முழுவதும் சேர்ந்து தரும் பாதையை அந்த ஒற்றை ஒயர் வெல்லாது. 4 கேஜுக்கு, அதாவது 21 சதுர மில்லிமீட்டருக்குப் போனால் 0.004 ஓம், பரவாயில்லை. மேலும் ஹெட் யூனிட் பாடியிலும் ஆம்ப் பேட்டரியிலும் எர்த் ஆனால், இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை நீங்களே கூட்டுகிறீர்கள்.

புதிய வண்டிகளில் பேட்டரி நெகட்டிவ் முனையில் சிறு பெட்டிபோல ஒரு சென்சார் அமர்ந்திருக்கும். உள்ளே போய்வரும் கரண்டை எண்ணி ஆல்டர்னேட்டரைக் கட்டுப்படுத்துவது அதுதான். ஆம்ப் எர்த்தை நேராக முனையில் மாட்டினால் அந்தக் கரண்ட் சென்சாரின் கணக்கில் வராது. அத்தகைய வண்டியில் சென்சாருக்கு அப்பால், பாடிப் பக்கத்தில்தான் எர்த் எடுக்க வேண்டும்.

முன்பக்கம் செய்யத் தகுந்த வேலை ஒன்று உண்டு. பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கு, இன்ஜின் பிளாக்கிலிருந்து பாடிக்கு, ஆல்டர்னேட்டர் பாசிட்டிவிலிருந்து பேட்டரி பாசிட்டிவுக்கு என மூன்று கனமான ஒயர்கள். பழைய வண்டிகளில் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள பின்னல் பட்டை அரித்துப் போயிருக்கும், அதை மாற்றினாலே பாதி ஊளை அடங்குவதுண்டு. ஆல்டர்னேட்டர் ஒயரில் பேட்டரிக்கு அருகே ஃபியூஸ் கட்டாயம்.

செவிக்கூர்மை:
எர்த்தை மாற்றிவிட்டேன். தரைத்தகட்டில், 35 சென்டிமீட்டர் ஒயர், எம்8 போல்ட். இப்போது அதே பாட்டில் 0.05 வோல்ட். ஆனால் ஊளை பாதிதான் குறைந்தது. பிறகு ஆர்சிஏ வளையத்தையும் பெட்டியையும் ஒயரால் தொட்டதும், யாரோ சுவிட்சை அணைத்ததுபோல் நின்றுவிட்டது! இந்த ஒயரை நிரந்தரமாக வைத்துவிடலாமா?

செப்புக்கம்பி:
வைக்கலாம். 1 சதுர மில்லிமீட்டர் ஒயர், 10 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஒரு முனையை ஆர்சிஏ வளையத்தில் இறுக்கிச் சுத்தி சால்டர், மறு முனையில் சின்ன லக் வெச்சு ஹெட் யூனிட் பின்னாடி இருக்கிற பெட்டித் திருகில். உள்ளே வளையங்கள் எல்லாம் ஒண்ணா சேர்ந்திருந்தா ஒண்ணில் போட்டா போதும், மீட்டர் வெச்சு வளையத்துக்கு வளையம் பார்த்துக்கோங்க. சால்டர் பண்ணும்போது பிளக்கைக் கழற்றிப் பண்ணுங்க, சாக்கெட்டில் வெச்சுச் சூடாக்கினா பிளாஸ்டிக் உருகும்.

முறையான வழி, ஹெட் யூனிட்டைத் திறந்து அந்த ஃபியூஸை மாத்துறது. வாரண்டி இருந்தா நீங்க திறக்காதீங்க, சர்வீஸுக்குக் கொடுங்க. எதுவா இருந்தாலும் ஹெட் யூனிட்டோட கறுப்பு ஒயரையும் ஒரு தடவை பாருங்க. அது டாஷ்போர்டுக்குள்ள ஏதோ ஒரு மெல்லிய எர்த் ஒயரில் ஒட்டியிருந்தா, தனியா பாடிக்கு இழுத்துடுங்க.

கெயினையும் இப்பவே சரி பண்ணிடுங்க, ஊளை இருந்தப்ப கண்டபடி திருப்பியிருப்பீங்க. ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிட்டு, ஈக்வலைசர் எல்லாம் நேரா வெச்சு, 1000 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு ஹெட் யூனிட் வால்யூமை முக்கால் பங்குக்கு ஏத்துங்க. மீட்டர் ஏசியில் ஆம்ப் அவுட்புட்டைப் பாருங்க. 50 வாட்டை 4 ஓமால் பெருக்கினா 200, அதோட வர்க்கமூலம் 14.1 வோல்ட். அந்த எண் வர்ற இடத்தில் கெயினை நிறுத்துங்க. அதுக்கு மேல திருப்பினா பாட்டு கூடாது, இரைச்சல்தான் கூடும்.

அலைக்காது:
என் கேள்வி இதை ஒட்டியது. எஃப்எம்மில் மட்டும் கரகரப்பு, யுஎஸ்பி பாட்டு சுத்தம். ஆன்டெனாவைக் கழற்றினால் கரகரப்பு நிற்கிறது.

பழையஸ்டீரியோ:
அப்படியென்றால் அது காற்று வழியாக ஆன்டெனாவில் நுழைகிறது. முதலில் 12 வோல்ட் சாக்கெட்டில் இருக்கும் யுஎஸ்பி சார்ஜர், டேஷ்கேம் இரண்டையும் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். எல்இடி ஹெட்லைட் மாற்றியிருந்தால் போட்டும் அணைத்தும் பாருங்கள். இவற்றின் உள்ளே வேகமாகத் துடிக்கும் கன்வெர்ட்டர்கள் எஃப்எம் அலைவரிசை வரை குப்பை கொட்டும். குற்றவாளி டேஷ்கேம் என்றால், அதன் ஒயரை ஆன்டெனா ஒயரிலிருந்து தள்ளி ஓட்டி, சார்ஜருக்கு மிக அருகில் ஃபெரைட் கிளிப் மாட்டி, ஒயரை அதற்குள் இரண்டு மூன்று சுற்று விடுங்கள். இன்ஜின் வேகத்தோடு படபடத்தால் ஸ்பார்க் பிளக்கும் அதன் ஒயரும். ரெசிஸ்டர் வகைப் பிளக்தானா என்று பாருங்கள். ஆன்டெனா அடிப்பகுதியில் துரு இருந்தால் அதன் எர்த் போய்விடும், அதையும் சுத்தம் செய்ய வேண்டும்.

மின்தறி:
ஹெட் யூனிட்டின் ஆக்ஸ் இன்புட் ஒயரில் ஃபோனை மாட்டி, அதே ஃபோனைச் சார்ஜரிலும் போட்டால் மட்டும் ஊளை?

ஓம்விதி:
சார்ஜரின் எர்த், ஆக்ஸின் எர்த் இரண்டும் ஃபோனுக்குள் சந்தித்து ஒரு வளையம் உண்டாகிறது. ஐசோலேட்டருக்கு உண்மையான இடம் இங்கேதான், ஆக்ஸ் லைனில். புளூடூத்துக்கு மாறினாலும் வளையம் அறுந்துவிடும்.

டிக்கிபாஸ்:
கம்பெனி ஸ்டீரியோவை வெச்சுக்கிட்டு ஸ்பீக்கர் ஒயர்லேருந்து ஆம்புக்கு எடுக்கிறவங்களுக்கு ஒண்ணு: அந்த ஸ்பீக்கர் மைனஸ் எர்த் கிடையாது. ரெண்டு ஒயர்லயும் 6 வோல்ட் சுமாருக்கு டிசி நிக்கும். மைனஸைப் பாடில தொட்டா ஊளை வராது, ஸ்டீரியோவோட ஐசியே போயிடும். ஆம்ப்ல ஹை லெவல் இன்புட் (ஸ்பீக்கர் ஒயரையே நேரா வாங்குறது) இருந்தா ரெண்டு ஒயரையும் அப்படியே கொடுங்க. ஸ்பீக்கர் சிக்னலை ஆர்சிஏவா மாத்துற கன்வெர்ட்டர் போடுறதா இருந்தா அதோட எர்த்தை ஸ்டீரியோ எர்த் ஆகிற அதே இடத்துல கொடுங்க.

செவிக்கூர்மை:
கெயின் வைத்தாயிற்று, 14.1 வோல்ட் வந்த இடம் முன்பு இருந்ததைவிட அரைச் சுற்று குறைவாகவே நின்றது. வளைய ஒயரைச் சால்டர் செய்து திருகில் மாட்டிவிட்டேன், வளையத்திலிருந்து பெட்டிக்கு 0.2 ஓம். வால்யூம் பூஜ்யத்தில் 4000 ஆர்பிஎம் வரை ரேஸ் கொடுத்தேன், ட்வீட்டரில் காதை ஒட்டி வைத்தாலும் லேசான ‘ஸ்ஸ்’ மட்டும்தான். ஐசோலேட்டர் இரண்டும் வெளியே.

டிக்கிபாஸ்:
ஒரு மாசம் வண்டி ஓடின பிறகு அந்த எம்8 போல்ட்டை ஒரு தடவை ஸ்பேனர் போட்டுப் பாருங்க. புது லக் அமுங்கி கால் சுற்று இடம் கொடுத்திருக்கும். முறுக்கிட்டு அதே பாட்டுல வோல்டேஜ் அளங்க, 0.05 அப்படியே இருக்கணும்.